பைக்கு முன் போன கடிதம்

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நாலரை மணிக்கு, கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியிலிருந்து மேலேறும் ஒழுங்கையின் மூன்றாவது வீட்டு முன்னறையில் நான்கு பேர் இருந்தார்கள். கதவுக்கு நேரே, அந்த வீட்டிலிருந்த ஒரே கைபிடிக் கதிரையில், மடவளை ஜமால்தீன். கண்டி நகரில் துணி வெளுக்கும் லோண்ட்றிக் கடை வைத்திருப்பவர். ஜன்னலோரக் கட்டிலின் விளிம்பில் வீட்டுக்காரன் யோகராஜ். முச்சக்கரவண்டிச் சாவியை விரலில் மாட்டிச் சுழற்றிக்கொண்டிருந்தான். அலுமாரிக்கு முதுகு கொடுத்துத் தரையில் காலை நீட்டி, அவனுடைய அக்கா இரத்தினம்மா. தெல்தோட்டைத் தோட்டத்திலிருந்து ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்கு வந்து ஒரு வாரமாகத் தங்கியிருந்தாள். யோகராஜின் மனைவி துஷ்யந்தி குசினி வாசலில் நின்றாள். அவளுக்குக் கதிரை இல்லாமலில்லை, உட்காரத்தான் மனம் வரவில்லை. நடுவில் கிடந்த ஸ்டூலில் ஒரு தோல் பை உட்கார்ந்திருந்தது.

தேன் நிறம். மேலே மடித்து மூடும் வாய், பித்தளைக் கொக்கி, தோளில் மாட்டும் அகன்ற வார். சட்டத்தரணிமார் கோப்பு வைத்துக்கொண்டு போவார்களே, அந்த மாதிரிப் பை. நல்ல பைதான். ஆனால் வார் முழுக்கப் பச்சையும் வெள்ளையுமாகப் பூஞ்சணம் பிடித்திருந்தது. அடியில் உள்ளங்கையளவு எண்ணெய்க் கறை. மூடியின் உட்புறம் பேனை உடைந்து ஊறிய நீல மை.

"பாத்துக்கோங்க தங்கச்சி," என்றார் ஜமால்தீன். "மூணு கறை, மூணு சாதி. டவுன்ல மூணு எடத்துல காட்டினன். மூணு பேரும் கைய விரிச்சிட்டாங்க."

"நானா, நீங்க முதல்லயே இங்க வந்திருக்கணும்," என்றான் யோகராஜ். "போன மாசம் என் சப்பாத்தை இவ புதுசாக்கிட்டா. கோயில் வாசல்ல கழட்டி வச்சிட்டுத் திரும்பி வந்து பாத்தா எது என்னோடதுன்னு எனக்கே தெரியல. எல்லாரும் போற வரைக்கும் நின்னு, மிஞ்சினதைப் போட்டுக்கிட்டு வந்தேன்."

"வாயால கழுவினா கறை போகாது தம்பி. கையால செஞ்சி காட்டட்டும்." ஜமால்தீன் போனை எடுத்தார். "பைக்காரியம்மா யசோதினி மிஸ். பேராதனையில படிச்சிக் குடுத்தவ. இப்ப மாத்தலாகி யாழ்ப்பாணம் போய்ட்டா. அவ அனுப்பினதக் கேளுங்க."

போனிலிருந்து மெதுவான குரல் வந்தது. "வணக்கம் அண்ணை. அது அப்பான்ர பை. அவருக்குப் பிறகு நான்தான் வச்சிருக்கிறன். அவசரமில்லை. முழுக்கப் போகாட்டிலும் பரவாயில்லை, தோலைக் காயப்படுத்தாமல் செய்யச் சொல்லுங்கோ."

துஷ்யந்தி அப்போதுதான் வாசலை விட்டு உள்ளே வந்தாள். பையைத் தொடவில்லை. குனிந்து முகர்ந்து பார்த்தாள்.

"எப்ப வேணும் நானா?"

"வெள்ளிக்கெழம. ஜும்மா முடிஞ்சி வாறன். கறையும் போகணும், தோலும் இருக்கணும். அப்பிடி இருந்தா என்ட கடைக்கு வாற தோல் சாமான் எல்லாம் ஒங்களுக்குத்தான். சப்பாத்து, பெல்ட்டு, வெளிநாட்டுக்காரர்ட ஜாக்கெட்டு, எல்லாம். இல்லாட்டி நான் அந்த மிஸ்ஸுக்கு மொகம் குடுக்கணும். மறுகா இந்தப் பேச்சே வாணாம்."

அவர் போன பிறகு யோகராஜ் சாவிச் சுழற்றலை நிறுத்தினான். "வெள்ளிக்கிழமைதானே அவங்களுக்கும் பதில் சொல்லணும்?"

"ஆமா. அஞ்சு மணிக்குள்ள."

'அவங்க' என்பது கட்டுநாயக்காவில் பை தைக்கும் ஒரு தொழிற்சாலை. துஷ்யந்தி அங்கே பினிஷிங் மேசையில் ஆறு வருடம் நின்றவள். தைத்து வரும் பைகளில் பட்ட பசை, மை, விரலடையாளம் எல்லாவற்றையும் எடுத்து, கிறீம் பூசி, டப்பாவுக்கு அனுப்பும் மேசை அது. பன்னிரண்டு பேர் படுக்கும் விடுதி அறையில் மேல்தட்டுக் கட்டில் அவளுக்கு. கையை உயர்த்தினால் கூரைத் தகரம் சுடும். வீட்டுக்கு மாதம் ஒரு தரம். கலியாணமாகியும் இரண்டு வருடம் அப்படித்தான் ஓடியது. பிறகு ஓடர் குறைந்து ஆட்களை நிறுத்தினார்கள், இவளும் வந்துவிட்டாள். இப்போது திரும்பக் கூப்பிடுகிறார்கள். முதலாம் திகதி வந்து சேர வேண்டும், வருகிறாயா இல்லையா என்று வெள்ளிக்கிழமைக்குள் சொல்ல வேண்டும். ஒரு முச்சக்கரவண்டி ஓட்டத்தில் வீடு நடக்காது என்பது இருவருக்கும் தெரியும். இங்கே வீட்டோடு ஒரு தொழில் அமைய வேண்டும். அமையாவிட்டால் மறுபடியும் அந்த மேல்தட்டுக் கட்டில்.

அந்தக் கட்டிலில் இனி ஒரு இரவும் படுப்பதில்லை என்று துஷ்யந்தி தீர்மானித்து வைத்திருந்தாள். அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. பையை மேசைக்கு எடுத்துப் போய், புதிய சி.ஆர். கொப்பியின் முதல் பக்கத்தில் திகதியைப் போட்டாள்.

திங்கட்கிழமை காலை முதல் வேலை, ஒரு சொட்டுத் தண்ணீர். மூடியின் மடிப்புக்குள், வெளியே தெரியாத இடத்தில் விரல் நுனியால் வைத்தாள். தொழிற்சாலைத் தோலில் மேற்பூச்சு இருக்கும், தண்ணீர் முத்தாக நிற்கும். இங்கே சொட்டு நிற்கவில்லை. உறிஞ்சிக்கொண்டு, அந்த இடம் கறுத்து, காய்ந்ததும் பழைய நிறத்துக்கு வந்தது. கொப்பியில் எழுதினாள்: "மேற்பூச்சு இல்லை. மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட தோல். வாசமும் அதுதான். எதை வைத்தாலும் உள்ளே இழுக்கும். கவனம்."

இந்த வகைத் தோலில் அவள் வேலை செய்ததில்லை. தொழிற்சாலையில் மேற்பார்வையாளர் மேசையில் ஒரு மாதிரித் துண்டு கிடந்தது, அவ்வளவுதான். ஆகவே எதையும் முதலில் மடிப்புக்குள் வைத்துப் பார்த்து, காய விட்டு, கொப்பியில் குறித்து, பிறகுதான் வெளியில் வைப்பது என்று முடிவு செய்தாள்.

பூஞ்சணத்தை வீட்டுக்குள் தட்டினால் அது அலுமாரிச் சேலை வரைக்கும் போய் உட்காரும். பையை வெளியே தகரத் தாழ்வாரத்துக்குக் கொண்டுபோய், வாயையும் மூக்கையும் துணியால் கட்டிக்கொண்டு, மெல்லிய பல் துலக்கும் பிரஷால் வாரைத் துடைத்தாள். பார்மசியில் வாங்கிய ஸ்பிரிட்டும் தண்ணீரும் சரிபாதி கலந்து, பிழிந்த துணியால் ஒரு முறை ஒற்றினாள். வெளியே மழை தூறிக்கொண்டேயிருந்தது. தோல் நிழலில்தான் காய வேண்டும்.

"அடுப்புக்கிட்ட கொண்டாந்து தொங்கவிடு புள்ள, அர மணியில காஞ்சிரும்," என்றாள் இரத்தினம்மா.

"வேணாம் மதினி. அப்பளமாப் போயிரும்."

"அப்பளம்னா பொரிச்சாவது திங்கலாம். இத என்னா செய்ய?" என்று இரத்தினம்மா தன் பகிடிக்குத் தானே சிரித்தாள்.

எண்ணெய்க் கறைக்கு வெறும் சோளமா. விரற்கடையளவு உயரத்துக்குக் கொட்டி, மெதுவாக அமர்த்தி, இரவு முழுக்க விட்டு, காலையில் பிரஷால் தள்ளினாள். மா மஞ்சளாகியிருந்தது. இன்னொரு தரம், பிறகும் ஒரு தரம். மூன்றாம் தரம் மா வெள்ளையாகவே வந்தபோது கறை இருந்த இடத்தைத் தேட வேண்டியிருந்தது. மைக்குக் காது துடைக்கும் பஞ்சுக் குச்சியில் ஸ்பிரிட். தேய்க்கக் கூடாது, ஒற்ற வேண்டும். ஒரு குச்சி நீலமானதும் அடுத்த குச்சி. இருபத்தேழு குச்சிகள். இருபத்தெட்டாவதில் நீலம் வரவில்லை. ஆனால் தோலில் ஒரு நிழல் மிஞ்சியது. இன்னும் ஒற்றினால் தோலின் நிறமே வந்துவிடும் என்று நிறுத்தினாள். "மை முக்கால்வாசி போயிற்று. கால்வாசி நிழலாக உள்ளது. இதற்கு மேல் கூடாது," என்று எழுதினாள்.

புதன்கிழமை பின்னேரம் கடைசி வேலை. இந்தத் தோலில் கறைபட்ட இடத்தை மட்டும் துடைத்தால் சுற்றி ஒரு நீர்க்கோடு விழும். ஆகவே பை முழுவதையும் ஒரே சீராக ஈரத் துணியால் துடைத்து, உள்ளே பத்திரிகைத் தாள் திணித்து, ஸ்டூலில் நிமிர்த்தி வைத்தாள். அந்த நேரம் ஒழுங்கைப் பெண்கள் மூன்று பேர் எட்டிப் பார்த்தார்கள்.

"இதா அந்தப் பூத்துப்போன பை? பொய் சொல்லாதீங்க!"

"கடையில வச்சா ஒருத்தரும் பழசுன்னு சொல்ல மாட்டாங்க. கைராசி உங்களுக்கு."

"எங்க வீட்டுக்காரரையும் கொண்டாந்து தாறேன், சோளமா போட்டு வைங்க."

சிரித்துப் பேசிப் போனார்கள். இரத்தினம்மா மட்டும் சிரிக்கவில்லை. மூன்று பேரும் பையைப் பார்த்த பார்வை அவளுக்குப் பிடிக்கவில்லை.

வியாழக்கிழமை காலை ஆறு மணிக்குத் துஷ்யந்தி ஜன்னலைத் திறந்தாள். பையின் முகப்பில், மூடியின் நட்டநடுவில், ஒரு சாண் நீளத்துக்குக் கன்னங்கறேலென்று ஒரு கறை.

ராத்திரியோடு ராத்திரியாகக் கறுப்புப் பூஞ்சணம் வந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தாள். நினைத்தவள், நாலு நாளாகச் செய்யாத ஒன்றைச் செய்தாள். கொப்பியைத் திறக்கவில்லை, மடிப்புக்குள் வைத்துப் பார்க்கவில்லை. நேரே குசினிக்குப் போய்ச் சவர்க்காரத்தை நுரைத்துக்கொண்டு வந்து தேய்த்தாள். கறுப்பு போகவில்லை. மைக்கூட்டைக் கவிழ்த்தது போல நீலம் பாய்ந்து இன்னும் இருண்டது. நுரையைத் துடைத்துவிட்டுக் கைகளை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

யோகராஜ் எழுந்து வந்து பார்த்தான். "என்னாது இது? பிறை மாதிரி இருக்கு."

அப்போதுதான் அவள் கறையின் வடிவத்தைப் பார்த்தாள். பூஞ்சணம் புள்ளி புள்ளியாக வரும். இது ஒரு பக்கம் வளைந்து கூராகி, மறுபக்கம் நேராக முடிந்தது. ஓரம் வரைந்தது போல இருந்தது. ஏதோ ஒன்று அதன்மேல் படுத்து எழுந்து போயிருக்கிறது.

குசினியில் இரத்தினம்மா ஒரே கோப்பையை மூன்றாம் தரமாகக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"மதினி," என்று கூப்பிட்டாள் துஷ்யந்தி. "இங்க கொஞ்சம் வாங்க."

இரத்தினம்மா வந்தாள். கையைச் சேலையில் துடைத்தாள். துடைத்த கையைத் திரும்பவும் துடைத்தாள். "கத்தியத்தான் வச்சேன்," என்றாள். "அவளுக மூணு பேரும் வாயப் பொளந்துக்கிட்டுப் பாத்தாளுக. ஈரச் சாமான் வேற. இரும்பு கிட்ட இருந்தா ஒண்ணும் அண்டாதுன்னுதான், நீங்க படுத்த பொறவு மேல வச்சேன். விடியங்காட்டி எடுத்துட்டேன். இப்படியாகும்னு யாரு கண்டா?"

அது அவளுடைய கவ்வாத்துக் கத்தி. தேயிலைச் செடியின் கிளைகளைக் கத்தரித்துக் கவ்வாத்து வெட்டும் வளைந்த கத்தி. வெளியில் எங்கே தங்கப் போனாலும் அதைப் பையில் எடுத்துப் போய்த் தலைமாட்டில் வைத்துத்தான் படுப்பாள். தோட்டத்தில் பிள்ளை பெற்ற வீட்டிலும், வயதுக்கு வந்த பிள்ளை இருக்கும் வீட்டிலும், ஆக்கிய இறைச்சியை அந்தியில் எடுத்துப் போகும் சட்டியிலும் ஒரு துண்டு இரும்பு இருக்கும். அவளறிந்த அத்தனை பேரும் செய்வதைத்தான் அவள் செய்திருந்தாள்.

"கண்ணு பட்டிருந்தாக்கூட இவ்வளவு கறுத்திருக்காதுக்கா!" என்று கத்தினான் யோகராஜ். "இப்ப இவ மூட்டையக் கட்டிக்கிட்டு கட்டுநாயக்காவுக்குத்தான் போகணும். ஒனக்குச் சந்தோசமா?"

"சத்தம் போடாதீங்க," என்றாள் துஷ்யந்தி. "மதினி, கத்திய எடுத்துட்டு வாங்க."

கத்தி தீட்டிய கத்தி. துரு இல்லை. துருவாக இருந்தால் கறை சிவந்திருக்கும். ஆனால் தோல் தொட்ட பக்கத்தில் கத்தியும் மெல்லிய சாம்பல் படிந்து கறுத்திருந்தது. அவள் கத்தியைப் பார்த்தாள், அதைப் பிடித்திருந்த விரல்களைப் பார்த்தாள். நாற்பது வருடம் கொழுந்தெடுத்த விரல்கள். ஒவ்வொரு வெடிப்பிலும் தேயிலைப் பால் ஏறிக் கறுத்த கோடு.

"மதினி, கொழுந்து கிள்ளினா கை கறுக்குது. கத்தி பிடிக்கிற நாள்ல?"

"அன்னைக்கி ரொம்ப. மழையில கவ்வாத்து வெட்டுனா கத்தியும் மை, கையும் மை."

"சவர்க்காரம் போட்டா போகுமா?"

"அய்யோ, சவுக்காரம் போட்டா நீலமா ஏறிக்கும். தேசிக்கா தேச்சிட்டுத்தான் சவுக்காரம் தொடுவோம்." சொல்லிக்கொண்டிருந்தவள் பையைப் பார்த்து வாயை மூடினாள்.

துஷ்யந்திக்குத் தலைக்குள் ஒவ்வொன்றாக வந்து பொருந்தியது. தேயிலையில் ஒரு துவர்ப்பு. இரும்புச் சட்டியில் பிளேன்டீ கொதிக்க வைத்தால் கறுத்துப் போவது அந்தத் துவர்ப்பால்தான். மரப்பட்டையிலும் அதே துவர்ப்பு, அந்தச் சாற்றில் ஊறியது இந்தத் தோல். ஈரத்தோடு இரும்பு பட்டிருக்கிறது. இது அழுக்கல்ல, தோலும் இரும்பும் சேர்ந்து உண்டாக்கிய மை.

அப்படித்தானா என்று இந்த முறை பார்த்துவிட்டுத்தான் தொடுவாள். மூடியின் மடிப்புக்குள் நாலு இடத்தில் ஈரம் வைத்து, நாலு இரும்பு ஆணிகளின் தலையை அமர்த்திவிட்டு மணிக்கூட்டைப் பார்த்தாள். ஒரு மணித்தியாலம் போயிற்று. யோகராஜ் ஹயர் ஓட்டப் போகவில்லை. ஆணிகளை எடுத்தபோது நாலு கறுப்புப் பொட்டுகள் இருந்தன.

"அதே கறுப்பு," என்றாள் துஷ்யந்தி. "என்னாங்க, கடைக்குப் போய் நல்ல சாறுள்ள தேசிக்கா வாங்கிட்டு வாங்க. ஓடுங்க."

எலுமிச்சஞ்சாற்றை வடிகட்டி, பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து, முதற் பொட்டில் பஞ்சால் தொட்டாள். எண்ணிக்கொண்டிருந்தாள். முப்பதில் பொட்டு பழுப்பாகியது. அறுபதில் இல்லை. இரண்டாம் பொட்டில் தண்ணீர் கலக்காமல் வைத்துப் பார்த்தாள். கறை சீக்கிரம் போனது, ஆனால் தோல் வெளுத்தது. ஆகவே கலந்துதான். மூன்றாம் பொட்டையும் கலந்த சாற்றாலேயே எடுத்தாள். கொப்பியில் எழுதிய பிறகே முகப்புக்கு வந்தாள்.

நுனியிலிருந்து தொடங்கினாள். ஒற்றி, எண்ணி, சுத்தத் தண்ணீர்த் துணியால் எடுத்து, காற்றில் விட்டு, மறுபடியும் ஒற்றி. சவர்க்காரம் ஏற்றிய நீலம்தான் கடைசி வரை அடம் பிடித்தது. பகல் சோற்றை இரத்தினம்மா ஊட்டாத குறையாகக் கொண்டுவந்து வைத்தாள். துஷ்யந்தி பாதியில் எழுந்தாள். மூன்றரை மணிக்குப் பிறை போய்விட்டது. காய்ந்த பின் நிறமில்லாத ஷூ கிறீமை மெல்லியதாகப் பை முழுவதும் பூசினாள். நேரே பார்த்தால் ஒன்றுமில்லை. ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் மட்டும், அந்த இடம் ஒரு நூல் வெளிறியிருந்தது.

யோகராஜ் கும்பிட்டான். "முடிஞ்சுது. சாமி காப்பாத்துச்சு."

"இன்னும் ஒண்ணு பாக்கணும்," என்றாள் அவள். கறை எடுத்த முதற் பொட்டின்மேல் ஈரச் சவர்க்காரத்தை ஒரு முறை தடவினாள். ஐந்து நிமிடத்தில் பொட்டு சாம்பல் நிறமாகத் திரும்பி வந்தது. உள்ளே இரும்பு கொஞ்சம் மிச்சமிருக்கிறது. சாம்பல் பொட்டை அப்படியே விட்டுவிட்டு, மடிப்பை மூடினாள். அன்று இரவு, யசோதினி மிஸ்ஸுக்கு எழுத வேண்டிய கடிதத்தைக் காலையில் எழுதுவோம் என்று, கத்தியை மதினியின் தலைமாட்டில் தானே கொண்டுபோய் வைத்துவிட்டுப் படுத்தாள்.

வெள்ளிக்கிழமை இரண்டேகால் மணிக்குத் தொப்பியைக் கழற்றாமலே வந்தார் ஜமால்தீன். பையை வெளியே வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். வாரை முகர்ந்தார். அடியைத் தடவினார். மையின் நிழலை நகத்தால் தொட்டார்.

"மாஷா அல்லாஹ்! தங்கச்சி, இது வேல. மூணு எடத்துக்காரனையும் கூட்டி வந்து காட்டணும் போல ஈக்கி." பையைத் தூக்கித் தோளில் போட்டுப் பார்த்தார். "திங்கக்கெழம கூரியர்ல போட்டுடுவன்."

"நானா, அதுக்கு முன்ன இந்தக் கடிதம் அந்த மிஸ்ஸுக்குப் போகணும். வாசிச்சுப் பாருங்க."

அவர் கண்ணாடியைப் போட்டுச் சத்தமாக வாசித்தார். முதல் பக்கம் வரை தலையாட்டிக்கொண்டே வந்தார். பூஞ்சணம், எண்ணெய், மை, எதை எதால் எடுத்தது, எவ்வளவு போனது, எவ்வளவு போகவில்லை. இரண்டாம் பக்கத்தில் குரல் மாறியது. "'நான்காவதாக ஒரு கறை, எங்கள் வீட்டில் பட்டது. பை ஈரமாயிருந்த இரவில் ஓர் இரும்புக் கத்தி அதன்மேல் வைக்கப்பட்டது...' என்ன இது? மண்டைக்குச் சொகமில்லையா? இல்லாத கறைய எதுக்கு எழுதுற?"

"இருந்த கறை நானா."

"இப்ப இல்லியே! கண்ணுக்குத் தெரியாததக் கடதாசியில போட்டுக் காட்டுறீங்க. வந்த வேலைய நீங்களே தள்ளிவிடுறீங்க. பைய நான் கொண்டு போறன், கடிதம் வாணாம். திங்கக்கெழமையில இருந்து மத்த சாமான் வரும். போதுமா?"

யோகராஜ் அவளைப் பார்த்தான். போதும் என்று அவன் கண் சொன்னது. ஐந்து மணிக்கு இன்னும் இரண்டரை மணித்தியாலம் இருந்தது.

"கடிதம் போகாட்டி பையும் போகாது நானா," என்றாள் துஷ்யந்தி.

"அப்ப வேலையும் வராது."

"சரி. அதுக்கு முன்ன இதை ஒருக்காப் பாருங்க." மூடியின் மடிப்பைத் திறந்து காட்டினாள். "நாலு பொட்டு வச்சேன். இது எடுக்காத கறை. இது தேசிக்காய்ல எடுத்த இடம், ஒண்ணும் தெரியல. இதுவும் எடுத்ததுதான், ஆனா பொறவு சவர்க்காரம் பட்டுச்சு. பாருங்க."

ஜமால்தீன் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்தார்.

"யாழ்ப்பாணத்துல புழுதி. ரெண்டு மாசத்துல அந்த மிஸ் சவர்க்காரத் துணியால துடைப்பாங்க. பையோட நெத்தியில கறுப்பாப் பிறை எழும்பி வரும். அப்ப யாருக்குப் போன் எடுப்பாங்க?"

அவர் பொட்டை விரலால் தொட்டுப் பார்த்து, விரலையும் பார்த்தார்.

"சவர்க்காரமும் இரும்பும் அந்த இடத்துல படக்கூடாதுன்னு அவங்களுக்குத் தெரிஞ்சா, அது வராது. ஏன் படக்கூடாதுன்னு சொல்லணும்னா, என்னா நடந்துச்சுன்னு சொல்லித்தான் ஆகணும்."

ஜமால்தீன் தோளிலிருந்த பையை மெதுவாக இறக்கி ஸ்டூலில் வைத்தார். கைபிடிக் கதிரையில் போய் உட்கார்ந்தார். கடிதத்தை மறுபடி எடுத்தார்.

"'வைக்கப்பட்டது'ன்னு ஈக்கி. யாரு வச்ச? ஏதும் ஜின் வந்து வச்சதா?"

"நாந்தான் வச்சேன்!" என்று அலுமாரியடியிலிருந்து குரல் வந்தது. இரத்தினம்மா எழுந்தே விட்டாள். "எம்பேரையே எழுது புள்ள. தெல்தோட்ட இரத்தினம்மான்னு போடு. கண்ணு படாம இருக்கத்தான் வச்சேன்னும் போடு. திருடவா செஞ்சேன்?"

ஜமால்தீனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தும் முடியவில்லை. "எங்கட உம்மாவும் புள்ளப் பெத்த வீட்ல பாக்குவெட்டி வைப்பா," என்றார். "அந்த மிஸ்ஸுட வீட்லயும் ஏதாச்சும் வைப்பாங்க. எழுதுங்க. கீழ என்ட கடைப் பேரும் நம்பரும் போடுங்க. கேக்கிறதா இருந்தா என்னக் கேக்கட்டும்." எழுந்து பையைத் தோளில் மாட்டியவர் வாசலில் நின்று திரும்பினார். "திங்கக்கெழம எட்டுச் சோடி சப்பாத்து, ரெண்டு ஜாக்கெட்டு வரும். ஒவ்வொண்டுக்கும் இப்பிடி ஒரு கடதாசி வேணும். ஆனா இவ்வளவு நீட்டாதீங்க தங்கச்சி, என்ட கண்ணு பாவம்."

"மிஸ் ஏசினா?"

"ஏசினா ரெண்டு பேரும் சேந்து வாங்குவோம்."

அவள் கடைசிப் பக்கத்தைத் திருப்பி எழுதினாள். 'வைக்கப்பட்டது' என்பதை வெட்டி, "என் கணவரின் தமக்கை திருமதி இரத்தினம்மா, கண்ணூறு படாமலிருக்க வைத்தார். தோல் அதைத் தாங்காது என்பது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஈரத்தைப் பாதுகாப்பில்லாமல் விட்டது என் பிழை, சவர்க்காரம் தேய்த்ததும் என் பிழை," என்று எழுதினாள். இரும்பும் சவர்க்காரமும் படக்கூடாத இடத்தைச் சின்னதாகப் பை வரைந்து காட்டினாள். கறை திரும்பினால் தேசிக்காய்ச் சாற்றுக்கு எவ்வளவு தண்ணீர், எவ்வளவு நேரம் என்பதையும் எழுதினாள். கீழே ஜமால்தீனின் கடைப் பேரையும் நம்பரையும் போட்டு, கையெழுத்தும் வைத்தாள். உறையில் அவர் கொடுத்த யாழ்ப்பாண விலாசத்தை எழுதினாள்.

தபால் கந்தோருக்கு யோகராஜின் வண்டியில் போகும்போது பாலத்தில் நெரிசல். கீழே மகாவலி கலங்கி ஓடிக்கொண்டிருந்தது. நின்ற இடத்திலேயே அவள் கட்டுநாயக்காவுக்குப் போன் எடுத்தாள்.

"துஷ்யந்தி பேசுறேன். முதலாம் திகதி நான் வரல்ல. இல்லீங்க, பொறவும் வரல்ல. எனக்கு இங்க வேலை இருக்கு."

யோகராஜ் கண்ணாடியில் அவளைப் பார்த்தான். "அந்த மிஸ் ஏசிப்புட்டா?"

"ஏசினா பதில் எழுதுவேன். நேரா பாத்து ஓட்டுங்க."

தபால் கந்தோரில் மூன்று பேருக்குப் பின்னால் நின்றாள். "பதிவுத் தபாலா?" என்றார் எழுதுவினைஞர். "யாழ்ப்பாணத்துக்கு எப்ப போய்ச் சேரும்?" என்று கேட்டாள். இன்றைக்கே போட்டால் திங்களுக்குள் சேரும் என்றார். பை திங்களன்றுதான் புறப்படுகிறது. அவளுக்கு அது சரியாக இருந்தது. யசோதினி மிஸ் பையைத் திறப்பதற்கு முன்பே இதை வாசித்திருக்க வேண்டும்.

பக்கங்களைக் கடைசியாக ஒரு தரம் எண்ணி, மூன்றாக மடித்து உறைக்குள் வைத்தாள். கௌண்டர் ஓரத்துக் கோந்துப் போத்தலில் பிரஷைத் தோய்த்து, விளிம்பு நெடுகப் பூசி, பெருவிரலால் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை அழுத்தி ஒட்டினாள். எழுதுவினைஞர் உறையை வாங்கி நிறுத்து, முத்திரை ஒட்டி, சீல் குத்தி, பின்னாலிருந்த சாக்கில் போட்டார்.